நன்றியுரைக்கு முன்னால் போன எம்.பி.

2002 மே மாதம் வீடு கட்ட வாங்கும் கனடிய மென்மரத்துக்கு அமெரிக்கா வரி போட்டது. மொன்றியல் பத்திரிகைகள் அதை வணிகப் பக்கத்தில் வெளியிட்டன. எங்கள் கட்டடத்திலோ அது மேல்வீட்டு அக்காவின் வயிற்றில் அடித்த செய்தி. நகரின் லாசால் பகுதியில் ஒரு சிறிய மரப் பட்டறையில் பலகைகளைத் தரம் பிரித்து அடுக்குவது அவருடைய வேலை. பட்டறையின் சரக்கு முழுவதும் லொறியில் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போவது. மன்னாரில் தனியாக இருந்த தகப்பனை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிட அவர் அப்போதுதான் விண்ணப்பித்திருந்தார். நிலையான வேலை இருந்தால்தான் அது சரிவரும்.

அந்த வரி வானத்திலிருந்து விழவில்லை. அமெரிக்க மர முதலாளிகள் பல ஆண்டுகளாக ஒன்றுசேர்ந்து, வக்கீல்களை அமர்த்தி, வாஷிங்டனில் வாசல் வாசலாக ஏறியிறங்கி வாங்கியது. அதைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் நான் வாசித்தேன். விவசாயிகள், மருத்துவர்கள், துப்பாக்கி வைத்திருப்போர், ஓய்வூதியக்காரர் என்று ஒவ்வொரு கூட்டமும் அந்த நகரத்தில் அலுவலகம் திறந்திருந்தது. கேட்டது கிடைத்த பிறகும் எந்தக் கூட்டமும் கடையை மூடவில்லை, அடுத்ததைக் கேட்டது. மர வரியை எதிர்த்த வீடு கட்டுவோருக்கும் அங்கே ஒரு சங்கம் இருந்தது. லாசாலில் பலகை அடுக்கியவருக்கு மட்டும் எங்கேயும் எதுவும் இல்லை.

இதை ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சொன்னேன். இன்சூரன்ஸ் விற்கும் ஒருவர் உடனே எழும்பினார்.

"அவங்கள் சங்கம் வச்செல்லோ அடிக்கிறாங்கள். நாங்களும் வைப்பம். எம்.பி.யைக் கூப்பிட்டுக் கதைப்பம்."

கை தட்டினார்கள். அவரே தலைவர் ஆனார். அக்காவின் வேலைக்காகத்தான் அந்தச் சங்கம் பிறந்தது. இதை இன்று அந்தச் சங்கத்தில் ஒருவரும் சொல்வதில்லை.

எம்.பி. இலையுதிர்காலத்தில் ஒரு மாலை வர ஒப்புக்கொண்டார். அவரிடம் சொல்ல அக்கா பிரெஞ்சில் நாலு வசனம் பாடமாக்கினார். வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் வாய் முணுமுணுத்தது.

"தம்பி, மெர்சி எண்டது மட்டும் எனக்கு வெள்ளைக்காரி மாதிரி வருது. மிச்சமெல்லாம் மன்னார் பிரெஞ்சு."

நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மங்கல விளக்கு, வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைவர் உரை, பொன்னாடை, பிரதம விருந்தினர் உரை, இராப்போசனம், நன்றியுரை. அதற்கும் பிறகு, கடைசி வரியில், 'உறுப்பினர் கருத்து'. அக்காவை முதலில் பேசவிடும்படி கேட்டேன்.

"தம்பி, முறை எண்டு ஒண்டு இருக்கு" என்றார் தலைவர். "வந்த மனுசன் விளக்குக் கொளுத்த முதலே வேலை போகப்போகுது எண்டு அழுறதே? வடிவாயிருக்குமே?"

மர முதலாளிகள் எவருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை. விளக்கும் கொளுத்தவில்லை. வேண்டியதை முதல் வாக்கியத்திலேயே கேட்டிருப்பார்கள். எங்கள் தலைவரோ தன் ஊர், தன் பள்ளிக்கூடம், தான் கனடா வந்த கதை என்று பேசிக்கொண்டே போனார். எம்.பி. சிரித்தபடி இருந்தார். பொன்னாடையோடு படம் எடுத்தார்கள். அக்கா சுட்டுக்கொண்டு வந்த இறைச்சி ரோல்ஸில் ஒன்றை எம்.பி. கடித்து, நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினார். நன்றியுரைக்கு ஆள் மேடையேறும்போது, வேறொரு கூட்டம் இருப்பதாகச் சொல்லி எழும்பிவிட்டார். அக்கா தன் கதிரையிலிருந்து எழும்பினார். வழியனுப்பப் போன செயற்குழு எம்.பி.யை மறைத்துக்கொண்டு நின்றது.

திரும்பும்போது காரில் அக்கா அந்த நாலு வசனத்தையும் என்னிடம் சொன்னார். ஒரு பிழையில்லை.

"பார், இப்ப வருது" என்றார். எனக்கு ஸ்டியரிங்கை உடைக்க வேண்டும் போலிருந்தது.

பனி விழத் தொடங்கியபோது பட்டறையில் ஆட்களைக் குறைத்தார்கள். அக்காவுக்கு வேலை போனது. அதோடு ஸ்பொன்சர் விண்ணப்பமும் போனது. அப்போது ஊரில் சமாதான காலம். விசாவுக்காக மன்னாரிலிருந்து கொழும்புக்கு அந்தத் தகப்பன் பயமில்லாமல் பஸ் ஏறியிருக்கலாம். வந்திருக்கலாம். சங்கம் இதற்காக ஒரு கூட்டம்கூடக் கூட்டவில்லை. அதற்கு இப்போது இளைஞர் பிரிவு இருந்தது, மகளிர் பிரிவு இருந்தது, எம்.பி.யின் படம் போட்ட கலண்டர் இருந்தது.

2006 ஒக்டோபரில் இரண்டு அரசுகளும் உடன்பட்டு அந்த வரி நீங்கியது. அறவிட்டதில் ஒரு பங்கு அதே மர முதலாளிகளுக்கே போனது. வாசித்துவிட்டுப் பத்திரிகையைக் கசக்கி எறிந்தேன். லாசால் பட்டறை இருந்த இடம் அதற்குள் யாரோ சாமான் அடுக்கும் கிட்டங்கியாகிவிட்டது. ஊரில் சண்டையும் மறுபடி தொடங்கியிருந்தது. தகப்பனின் குரல் கேட்பதற்கே அக்கா தொலைபேசி அட்டைக்கு மேல் அட்டை சுரண்டிக்கொண்டிருந்தார்.

அந்த மாதம்தான் சங்கத் தலைவர் படியேறி வந்தார். நான் அக்கா வீட்டுக் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, இந்தமுறை மந்திரி வாறார். உங்கட ரோல்ஸ் இல்லாட்டிச் சரிவராது."

அக்கா கதவைப் பிடித்தபடி கேட்டார்:

"ஏன், இப்ப ஆருக்கு வேலை போகுது?"

"சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை. இது சும்மா, வருசாந்த விழா."

அக்கா கதவைச் சாத்தினார்.