எழும்பி நின்றதால் மனேஜர் ஆனேன்

பள்ளிக்கூடக் கால்பந்து அணிக்கு மனேஜராக இருக்கிற உத்தியோகத்தை எதிரிக்கும் குடுக்கப்படாது. சம்பளம் இல்லை, லீவு இல்லை, மழை மட்டும் தவறாது. ஒக்லாந்தில் சனிக்கிழமை காலமை குடையோடு மைதானக் கரையில் நடுங்குகிற அப்பா அம்மாமாரே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒன்றாகச் சேர்ந்து ஒருமுறை பெருமூச்சு விடுவோம், வாருங்கோ.

மாட்டின விதம்

மகள் அபி பக்குரங்காப் பக்கத்துக் கொலிஜ் ஒன்றில் பெண்கள் அணியின் கோல்கீப்பர். சீசன் தொடங்க முதல் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். கோச் டெப், கணக்குப் படிப்பிக்கிற மனுசி, "இந்த வருஷம் ஆர் மனேஜர்?" என்று கேட்டா. எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து பிரின்சிபல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தா. யாழ்ப்பாணத்தில் படித்தவனுக்கு அதிபரைக் கண்டால் கால் தானாக நிமிரும். எழும்பிவிட்டேன். கூட்டம் முழுக்கக் கைதட்டியது, டெப் ஓடிவந்து கையைக் குலுக்கினா. என்னத்துக்குக் குலுக்குகிறா என்று விளங்கவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. காருக்குள் ஏறியதும் அபி தலையில் கைவைத்தாள்: "அப்பா, நோபடி ஸ்டாண்ட்ஸ் அப் ஹியர்!"

தோடம்பழம்

இடைவேளைக்கு ஒரேஞ்சு, அதுதான் எங்கடை தோடம்பழம், வெட்டிக் கொண்டுபோவது இந்த ஊர் வழக்கம். மனைவி வசந்தியிடம் சொன்னேன். அவ வடிவாகக் கீறி, பெட்டியில் அடுக்கித் தந்தா. மைதானத்தில் திறந்தால், எல்லாத் துண்டிலும் உப்பும் மிளகாய்த்தூளும்! புளிப்பான பழத்தை வெறுமையாகத் தின்கிற சனம் உலகத்தில் இருக்கும் என்று வசந்திக்குத் தெரியாது.

எங்கடை தமிழ்ப் பிள்ளைகள் ரசித்துச் சப்பினார்கள். மற்றப் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலைத் தேடி ஓடினார்கள். ரெஃப்ரியும் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டார். பாவம் மனுசன், விசில் ஊத முடியாமல் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். நல்ல பேச்சு விழப்போகுது என்று நான் ஒடுங்கி நிற்க, டெப் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "அடுத்த முறை இதை எதிரணிக்குக் குடுப்போம்."

கொடி

கரையில் கொடி பிடித்து ஆஃப்சைட் பார்க்க ஒரு பெற்றோர் வேண்டும். கோயம்புத்தூர்க்காரர் செந்தில் தானாக முன்வந்தார். அவர் மகள் நிலா எங்கள் முன்வரிசையில் ஆடுகிறவள். தோற்றுத் தோற்று மரத்துப்போயிருந்த எங்களுக்கு, அன்றைக்கு அவள் சீசனின் முதல் கோலை அடித்தாள். குடைகளை எறிந்துவிட்டுத் துள்ளினோம். திரும்பிப் பார்த்தால், செந்திலின் கொடி மேலே நிற்குது, ஆஃப்சைட், கோல் செல்லாது. சொந்த மகளின் கோலுக்கு!

"என்ன வேலை ஐசே இது?" என்று கத்தினேன். மனுசன் கொஞ்சமும் அசையவில்லை: "நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன் சார், தப்பைப் பார்த்தா கை தானா மேல போயிடும்."

பந்தோ சொந்தமோ

ஆள் காணாமல் இரண்டு ஆட்டங்களைக் கைவிட்டிருந்தோம். ஒருநாள் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப்போட்டி, இன்னொருநாள் ஆருடையோ பிறந்தநாள். இன்னும் ஒருமுறை இப்படி நடந்தால் அணியைக் கலைத்துவிடுவார்கள், அடுத்த வருஷமும் கிடையாது என்று டெப் சொல்லிவிட்டா. அபி அன்றிரவு சாப்பிடவில்லை. கொலிஜில் அவளுக்கு இருக்கிற சிநேகிதிகளே அந்த அணிதான்.

கடைசி ஆட்டம் எப்போது வந்தது என்று கேளுங்கோ. வசந்தியின் அக்கா மகள் பெரியபிள்ளையான சடங்கு, சாமத்திய வீடு, அன்றைக்கு! அபியும் எங்கள் பின்வரிசைப் பிள்ளைகளும்தான் தட்டு ஏந்துகிற தோழிகள். சடங்கு நடக்கிற ஹோல் மைதானத்துக்குப் பக்கத்துத் தெரு, ஆட்டம் காலமை, நல்ல நேரம் மத்தியானம். "இடையில் விளையாடிவிட்டு வரட்டுமே" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். வசந்தி அகப்பையைக் கீழே வைத்தா: "பந்தோ சொந்தமோ எண்டு இண்டைக்கே முடிவெடுங்கோ!"

எப்போதும் இங்கிலீசில் பதில் சொல்லுகிற அபி, அன்றைக்குத் தாயின் கையைப் பிடித்துத் தமிழில் கேட்டாள்: "அம்மா, நான் ரெண்டுக்கும் வாறன் அம்மா."

சபை நிறைந்த ஆட்டம்

தலையில் பூ, முகத்தில் மேக்கப், உடம்பில் ஜேர்சி. இப்படி ஒரு பின்வரிசையை எதிரணி கண்டிருக்காது. நகையைக் கழற்றினால்தான் ஆட்டம் என்று ரெஃப்ரி சொல்லிவிட்டார். பிள்ளைகளை நேரத்துக்கு இழுத்துக்கொண்டு போக வந்த வசந்தியின் முந்தானையில் தோடும் சங்கிலியும் வந்து விழுந்தன. அவ்வளவு பவுணை மடியில் கட்டிக்கொண்டு அவ எங்கே அசைகிறது? அவவைத் தேடி ஹோலில் இருந்து சனம் பட்டுச் சீலையோடு வந்தது. சனத்துக்குப் பின்னால் வீடியோக்காரன் குகனும் வந்தான்.

நிலா ஒரு கோல் அடித்தாள். ஒருவரும் துள்ளவில்லை, எல்லாரும் செந்திலைப் பார்த்தோம். கொடி எழும்பவில்லை. பிறகென்ன, கோயில் திருவிழாதான்! ஆனால் முடிகிற நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி. "விடாதை பிள்ளை!" என்று ஒரு கத்தல் கேட்டது. பார்த்தால் வசந்தி, மடியை ஒரு கையால் பொத்திக்கொண்டு குளறுகிறா. அபி பாய்ந்தாள். பூ ஒரு பக்கம் பறந்தது, பந்து அவள் நெஞ்சோடு நின்றது.

வென்றோம்! எல்லாரும் அவளைக் கட்டிப்பிடித்து அழ, குகன் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தான்: "தங்கச்சி, அதை இன்னொருக்காப் பிடியுங்கோ, நான் பெரியம்மாவின்ரை சீலையை வீடியோ எடுத்துக்கொண்டு நிண்டிட்டன்."

மறுபடியும் கூட்டம்

அடுத்த வருஷக் கூட்டத்தில் டெப் அதே கேள்வியைக் கேட்டா. நான் கதிரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தேன். பிரின்சிபல் வரவில்லை. ஆனால் பக்கத்துக் கதிரை கிறீச்சிட்டது. எழும்பி நின்றது வசந்தி: "மனேஜர் வேலையும் தோடம்பழமும் என்ரை பொறுப்பு, ஆனா தூளைக் குறைக்க மாட்டன்."

நான் பழக்கதோஷத்தில் எழும்பினேன், அவ எல்லாம் தெரிந்துகொண்டே எழும்பினா. எங்கள் வீட்டில் ஆருக்கு மூளை கூட என்று இனிமேல் ஒருவரும் என்னைக் கேட்கப்படாது.