திங்கட்கிழமை மணல்

பெங்களூரில் கடல் கிடையாது. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் எங்கள் கிளினிக்கில் கடற்கரை மணல் கிடக்கும். வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் வளாகத்தின் தரைத்தளத்தில் இருக்கும் சின்ன கிளினிக் அது. நான் அங்கே நர்ஸ். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி மேற்குக் கடற்கரைக்குப் போய், முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன் பார்த்துவிட்டு, திங்கள் காலை பையோடு நேரே ஆபீசுக்கு வருகிறவர்கள் உதிர்த்துவிட்டுப் போகும் மணல். தூத்துக்குடிக்காரியான எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் பக்கம் கடலுக்குள் முங்கினால் சங்கோடுதான் மேலே வர வேண்டும். இவர்கள் வெறுங்கையோடு வருவதற்காக இவ்வளவு தூரம் போகிறார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, கிரண் என்ற மைசூர்க்காரர் வந்தார். முப்பது வயதிருக்கும். தோள் வலி, வலது காலில் மதமதப்பு. எங்கள் டாக்டர் மூன்று தலைமுறையாக இங்கேயே வாழும் தமிழ்க் குடும்பத்துக்காரர், நல்ல மனிதர். தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, "மசில் புடிச்சிருக்கு சிஸ்டர். பஸ்ல மடங்கித் தூங்கியிருப்பாரு. ஒரு பெயின்கில்லர் கொடுங்க, ஸ்வல்ப ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்" என்றார்.

மாத்திரை எடுக்கக் குனிந்தபோது கிரணின் நாற்காலிக்குக் கீழே மணலைப் பார்த்தேன். கடலுக்குள் எவ்வளவு ஆழம் போனீர்கள் என்று என் அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். "நனகெ ஈஜு பருத்தெ, சிஸ்டர்" என்றார் அவர். தனக்கு நீச்சல் தெரியுமாம், நேற்று மூன்று முறை முங்கிவிட்டு ராத்திரியே பஸ் ஏறினாராம். அவர் முழுகிவிடுவார் என்று நான் பயப்படுவதாக நினைத்துவிட்டார். என் பயம் வேறு.

என் அண்ணன் ஜெரால்டு சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்கு குளிக்கப் போனவர். நான் நர்சிங் முடித்து வீட்டில் இருந்த சமயம், ஒரே நாளில் நாலைந்து முறை ஆழத்துக்குப் போய் வந்து, தோள் வலிக்கிறது, கால் மதமதவென்று இருக்கிறது என்று படுத்தார். வாதம் என்றார்கள் வீட்டில். தைலத்தைச் சுடவைத்து இரண்டு நாள் தேய்த்தவள் நான், படித்த நர்ஸ். சிறுநீர் இறங்காமல் அண்ணன் தவித்தது யாருக்கும் தெரியாது. கூடப் பிறந்த தங்கச்சியிடம் அதை அவர் எப்படிச் சொல்வார்? நானும் அண்ணனிடம் அதைக் கேட்கக் கூச்சப்பட்டேன். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டபோதுதான் தண்டுவடம் பாதித்திருப்பது தெரிந்தது. ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த காற்று, மேலே வரும்போது சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழாகி நரம்பைக் கெடுத்துவிடும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அரிதாகத்தான் வருமாம், வந்துவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமாம். அண்ணனின் இடது கால் இன்றும் இழுக்கிறது. அந்த இரண்டு நாளை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கிரண் எனக்கு யாரோ. அதனால் கேட்க முடிந்தது. "காலையில இருந்து யூரின் போனீங்களா?"

அவர் டாக்டரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வரவில்லை, பஸ்ஸில் தண்ணீர் குடிக்காததால் இருக்கும் என்று கன்னடத்தில் முணுமுணுத்தார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணை மூடி நிற்கச் சொன்னபோது கிரண் சாய்ந்துவிட்டார், நான் பிடித்துக்கொண்டேன். "நேத்து மூணு தடவ முங்கிட்டு அன்னைக்கே காட் ரோட்டுல மலை ஏறி வந்திருக்காரு டாக்டர். நம்ம ஊரு மூவாயிரம் அடி உசரம்" என்றேன். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், குமிழ் பெரிதாகும். அண்ணன் கதையையும் இரண்டு வரியில் சொன்னேன். அவசரத்தில் பெங்களூரை நம்ம ஊர் என்று சொன்னதைப் பிறகுதான் கவனித்தேன்.

"நான் இதப் புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன், சிஸ்டர்" என்று ஒத்துக்கொண்டார் டாக்டர். அதற்காகவே அவரைக் கும்பிடலாம். கிரணைப் படுக்கவைத்து ஆக்சிஜன் வைத்தோம். டாக்டர் போன் மேல் போன் போட்டு, காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழைக் கரைக்கும் அழுத்த அறை இருக்கும் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தார். வைட்ஃபீல்ட் நெரிசலில் ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் போனது. பல நாள் சிகிச்சை. ஒரு மாதம் கழித்து கிரண் தன் காலால் நடந்து கிளினிக்குக்குள் வந்தார்.

இங்கிருந்து முங்கப் போகிற நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: முங்கிய பிறகு ஒரு நாளாவது கீழேயே தங்கிவிட்டு மலை ஏறுங்கள். திங்கட்கிழமை மீட்டிங் ஓடிப்போகாது.

கிரண் நடந்து வந்த அன்று, ஜீவனஹள்ளியில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணனுக்குப் போன் செய்தேன். கிரண் கதையை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். "அந்தப் பையன் நடக்கானா?" என்று கேட்டார். நடக்கிறார் என்றேன்.

"அன்னைக்கு நான் உங்கிட்டயும் கேட்டிருக்கணும்ணே."

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், பிள்ள. நீ என் தங்கச்சில்லா."

எங்கள் கிளினிக் படிவத்தில் இப்போது கையால் எழுதிய ஒரு வரி இருக்கிறது: கடைசியாகக் கடலுக்குள் முங்கியது எப்போது? பிறந்த வீட்டில் கேட்க வாய் வராததை இங்கே முன்பின் தெரியாதவர்களிடம் தினமும் கேட்கிறேன். திங்கட்கிழமைகளில் மட்டும் கூட்டுகிற அக்காவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். எந்த நாற்காலிக்குக் கீழே மணல் கிடக்கிறது என்று நான் முதலில் பார்க்க வேண்டும்.