செங்கமலத்தின் வேண்டுதல்

ஆண்டிமடத்துச் செங்கமலம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போனவள். இரண்டு முறை கரு கலைந்தபின், பிள்ளை பிறக்கும்வரை கறி, மீன், முட்டை தொடுவதில்லை என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். 1982இல் மூன்றாவது கரு ஏழு மாதம் வரை நின்றது.

அப்போது ஊருக்கு வந்த நர்சம்மா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லம்மா. ஈரல், முட்டை சாப்பிடு. இல்லன்னா புள்ளைக்கும் ஆபத்து."

பத்து நாள் தவித்தாள். பிள்ளைக்காக விட்டதைப் பிள்ளைக்காகவே தின்பதா? கடைசியில் கணவன் தர்மன் ஆட்டு ஈரல் வாங்கிவந்து தானே சமைத்தான்.

"ஆத்தா கோவிச்சுக்க மாட்டா, சாப்புடு" என்றான். அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது.

"ஈரலால இல்லம்மா. ரொம்ப நாளாவே ரத்தம் கொறஞ்சு போயிருந்துச்சு" என்று நர்சம்மா எடுத்துச் சொன்னார். செங்கமலம் நம்பவில்லை.

"ஆக்கிக் குடுத்தவன் நான். பாவம் என்னோடது" என்றான் தர்மன்.

"தின்னது நாந்தானேங்க" என்றாள் அவள்.

அதன்பின் அவள் கறி தொடவில்லை. மறுபடி கருத்தரிக்கவும் இல்லை. தர்மன் கறிக்கு ஆசைப்பட்டால் தன் அக்காள் வீட்டில் தின்றுவிட்டு, வாய் கொப்பளித்த பிறகே வீடு திரும்பினான்.