சிரித்தால் விழுகிறவள்

உங்கள் பக்கத்தில் வேலை செய்கிறவர் சிரிப்பதே இல்லை என்றால், அவரை என்ன பேர் வைத்துக் கூப்பிடுவீர்கள்? சட்டை தைக்கும் அந்தக் கூடத்தில் அவளுக்கு வைத்த பேர் உம்மணாமூஞ்சி.

காலர் தைப்பது அவள் வேலை. அடுத்த மெஷினில் அவளுடைய நாத்தனார். அங்கே உண்மை தெரிந்த ஒரே ஆள் நாத்தனார்தான்: அண்ணி வாய்விட்டுச் சிரித்தால் முட்டி மடங்கும், கழுத்து தொங்கும், துணி மூட்டை மாதிரி சரிந்துவிடுவாள். காது மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். பகலில் திடீர் திடீரென்று தூக்கம் வேறு அழுத்தும்.

இதற்கு மாமியார் வைத்த பேர் பேய். கணவன் வைத்த பேர் கொழுப்பு. தூக்கத்தைப் பற்றி மனிதர்கள் கட்டிய கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. தின்ற சோற்றின் ஆவி தலைக்கேறுவதுதான் தூக்கம் என்று பெரிய அறிஞர்களே எழுதினார்கள். உயிர் வெளியே உலாவப் போகிறது என்றார்கள் வேறு சிலர். ஆலைச் சங்கு ஊத ஆரம்பித்ததும் பகல் தூக்கம் திருட்டாகிவிட்டது. இவளுக்கு வந்திருப்பது நார்கோலெப்சி என்ற நோய்; சிரித்தால் சரிவதும் அதில் சேர்த்திதான். மருத்துவம் அதற்குப் பேர் வைத்து நூறாண்டு தாண்டிவிட்டது. மூளையில் நம்மை விழித்திருக்க வைக்கும் ஒரு சிறு கூட்டம் செல்கள் அழிந்துபோயிருக்கின்றன, அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் இதைச் சொன்னபோது கூடப் போயிருந்தவளும் நாத்தனார்தான். மாத்திரை சாப்பிட்டு, மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், வேலையை விட வேண்டியதில்லை என்றார் அவர்.

"கவலைப்படாதீங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றாள் நாத்தனார். பார்த்துக்கொள்ளவும் செய்தாள். சாப்பாட்டு இடைவேளையில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் அண்ணியைப் படுக்க வைத்து, மணி அடிக்குமுன் எழுப்பிவிடுவாள். யாராவது ஜோக்கடிக்க வந்தால், "போடி, உன் மொக்கைய வேற எங்கயாவது போய்ப் போடு" என்று விரட்டுவாள்.

பிறகு சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியானது. காலர் தையலில் உம்மணாமூஞ்சியை அடித்துக்கொள்ள ஆளில்லை, அவளுக்குத்தான் கிடைக்கும் என்று பேச்சு. மேனேஜர் நேரில் பார்க்க வந்தார். அவள் எழுந்து நின்றாள். நாத்தனார் காதருகே குனிந்தாள்.

"அண்ணி, அவரு காலரப் பாருங்க. போன வாரம் கோணலா இருக்குன்னு கழிச்சுப் போட்டோமே, அந்தச் சட்டையேதான். அதச் சுட்டு மாட்டிக்கிட்டு நம்ம தரத்தப் பாக்க வந்துட்டாரு!"

பார்த்தாள். அதே கோணல். உதட்டைக் கடித்தாள். சிரிப்பு பீறிட்டது. முகம் தரையில் மோதியது.

"என்னம்மா இது, குடிச்சிருக்காளா?" என்றார் மேனேஜர்.

"அதெல்லாம் இல்ல சார்." நாத்தனாரின் குரல். டாக்டர் சொன்னதை இப்போது சொல்லிவிடுவாள் என்று கீழே கிடந்தவள் ஒரு கணம் நம்பினாள். "வீட்லயும் இப்படித்தான். வேலைன்னா தூங்கி விழுவாங்க. நானும் எத்தன நாள்தான் மறைக்கறது?"

நாக்கு அசையவில்லை. எல்லாம் கேட்டது.

அன்றே வேலையை விட்டு அனுப்பினார்கள். நாத்தனார் சூப்பர்வைசர் ஆனாள். கணவன் தங்கைக்குத்தான் வக்காலத்து வாங்கினான்: "சிரிக்கத்தானே வச்சா? அடிச்சாளா?"

டாக்டரையே வந்து பேசச் சொல்கிறேன், வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கப் போனாள். வாசலோடு திருப்பிவிட்டார்கள். வாசலில் அவள் சொன்னது பரவி, கூடத்தில் பாதிப் பேருக்கு இப்போது உண்மை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் புது சூப்பர்வைசர் முறைப்பாள்.

உங்கள் வேலையிடத்தில் யாராவது இப்படிச் சரிந்து விழுந்தால் அவரைப் பற்றி அவர் தலைமாட்டில் நின்று பேசாதீர்கள், அவருக்குக் கேட்கும். முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பிறகு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மேனேஜர் முன்னால் போய், அவருக்காக வாயைத் திறந்து பேசுங்கள்.