வளையலுக்கு அரைத்த மிளகாய்

எங்கள் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் யாரும் அதைத் தேட மாட்டோம். அதன்மேல் போர் தொடுப்போம்.

சூலூருக்குப் பக்கத்தில் வீடு. வீட்டை ஒட்டி ஷெட்டு, ஷெட்டுக்குள் விசைத்தறி. அந்தச் சத்தத்தில் ‘சோறு போடு’ என்று சொன்னாலே சண்டை மாதிரிதான் கேட்கும். நிஜமாகவே சண்டை வந்தால் தெருமுனை மளிகைக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பத்தாவதில் கணக்கும் நானும் மனமொத்துப் பிரிந்தபிறகு, அந்தத் தறிகளோடுதான் என் குடித்தனம்.

டிவி ரிமோட் காணோம் என்றால் அப்பா சோபாவைக் குப்புறத் தள்ளுவார். பைக் சாவி காணோம் என்றால் அண்ணன், சாவி மாட்டும் பலகையை ஆணியோடு பிடுங்கி எறிவான். ஒருநாள் பேனா கிடைக்காத ஆத்திரத்தில் அப்பா தறி நாடாவை எடுத்து வீசினார். நூலைச் சுமந்துகொண்டு தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற கட்டை அது. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். அது என் காதோரம் பறந்து போய் ஃபிரிட்ஜ் கதவில் குத்தி நின்றது. அந்த ஓட்டையை மறைக்க அம்மா அதன்மேல் ஒரு முருகன் படம் ஒட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஃபிரிட்ஜைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

பீரோ பூட்டு உடைந்ததும் அப்படித்தான். அப்பாவுக்கு நகவெட்டி கிடைக்கவில்லை. அம்மா பீரோவில்தான் வைத்திருப்பாள், சாவி தர மறுக்கிறாள் என்று அவராகவே முடிவு கட்டி, பீரோவை ஓங்கி ஓர் உதை விட்டார். பூட்டு தெறித்தது. கூடவே அவர் கால் பெருவிரல் நகமும் பெயர்ந்து வந்துவிட்டது. ரத்தத்தைத் துணியால் கட்டிக்கொண்டே அம்மா கேட்டாள்:

“ஏனுங்க, இனி நகவெட்டி வேணுமுங்களா?”

அதற்கும் சேர்த்து ஒரு சொம்பு பறந்தது.

பூட்டு இல்லாத பீரோவோடு இருந்த சமயத்தில்தான் அம்மா பிறந்த ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழா வந்தது. குடும்பத்தோடு போக வேண்டும். தறியையும் வீட்டையும் பார்த்துக்கொள்ள அண்ணி தன் தம்பியை வரச்சொன்னாள். பீளமேட்டில் பம்பு கம்பெனி ஒன்றில் லேத்து ஓட்டுகிறவன். என் வயசுதான். நான் ‘மாப்ள’ என்று கூப்பிட்டு அவன் தலைமுடியை நக்கல் அடிப்பேன். அவன் பதிலுக்கு என் மார்க்கை விசாரிப்பான். நல்ல பையன். நாங்கள் திரும்பி வந்தபோது தறியைத் துடைத்து எண்ணெய் போட்டு, நாய்க்குச் சோறு வைத்து, வீட்டைக் கூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தான். எங்கள் வீடு அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அதற்கடுத்த வாரம் அண்ணி சொன்னாள்:

“அத்தை, என்ற வளையலக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போகோணும்.”

அண்ணியின் கல்யாணத்துக்கு அவள் அப்பா போட்ட தங்க வளையல். பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மா வாங்கி வைத்திருந்தது. அம்மா பீரோவைத் திறந்தாள். சேலைகளை எடுத்தாள், உதறினாள், மறுபடி உதறினாள். வளையல் இல்லை.

போர் தொடங்கியது. அப்பா அரிசி டிரம்மையும் சமையல்கட்டு டின்களையும் நடுவீட்டில் கவிழ்த்தார். பருப்பு, ராகி, கம்பு எல்லாம் ஒன்றாகக் கலந்து கூட்டாஞ்சோறுக்குத் தயாராகிவிட்டது. அண்ணன் கத்தியை எடுத்து மெத்தையைக் கிழித்தான். பஞ்சு பறந்து மின்விசிறியில் சுற்றி, எங்கள் எல்லோர் தலையிலும் நரை விழுந்தது. குறுக்கே வந்த நாய்க்கு ஓர் உதை. “இப்படியே போனா செவுத்தையும் இடிச்சுப் போடலாமுங்க” என்று சொன்ன எனக்கு ஓர் அறை. நியாயமான அறைதான்.

எல்லாம் கவிழ்ந்து முடிந்த பிறகு அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

“நோம்பிக்குப் போனப்ப ஊட்டுல இருந்தது யாரு?”

அண்ணி நிமிர்ந்தாள்.

“அத்தை, என்ன சொல்றீங்க?”

“நா ஒண்ணும் சொல்லுல கண்ணு. இருந்தது யாருன்னுதான் கேட்டேன்.”

அண்ணனுக்கு அது போதும். பைக்கை எடுத்தான். அவனைத் தடுக்கத்தான் நான் பின்னால் ஏறினேன். ஆனால் அந்த வேகத்தில் அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்வதே எனக்கு முழுநேர வேலையாகிவிட்டது. பீளமேட்டில் பம்பு கம்பெனிக்கு எதிரே பேக்கரி வாசலில் மாப்ள சகாக்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் சிரித்தபடி எழுந்தான்.

“வாங்க மச்சான், டீ சொல்லட்டுங்களா?”

சொல்லி முடிப்பதற்குள் வாயில் குத்து விழுந்தது. டம்ளர் உடைந்தது. “வளையல் எங்கடா?” என்று கேட்டுக் கேட்டு அண்ணன் அடித்தான். கேள்விக்கும் அடிக்கும் நடுவே பதில் சொல்ல இடமே விடவில்லை. நான் அண்ணன் கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு தொங்கினேன். என்னையும் சேர்த்துச் சுமந்துகொண்டே அடித்தான். லேத்து ஓட்டுகிற கை மாப்ளயுடையது, திருப்பி ஒன்று விட்டிருந்தால் அண்ணன் பக்கத்து விமான நிலையத்தில் போய் விழுந்திருப்பான். அவன் கையைத் தூக்கவே இல்லை. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

“அக்காவக் கட்டுனவரு நீங்க. அதனால பொறுத்துக்கறேனுங்க” என்றான். அப்புறம் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். அவனோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் அண்ணி அடுப்பில் இருந்த தோசைக்கல்லை அப்படியே எடுத்து வாசலில் எறிந்தாள். அது சிமெண்டுத் தரையில் சுழன்று சுழன்று நின்றது. அழவில்லை. அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

“நாளைக்கு ஆனைமலை போறோம். எல்லாரும். மொளகா அரைச்சுப் பூசுவேன். எடுத்த கை யாரோடதுன்னு அந்த ஆத்தா சொல்லட்டும். என்ற தம்பி மேல இருக்கற பழி போகாம, நா இந்த ஊட்டுல இனி ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டேன்.”

எங்கள் பக்கம் போலீஸுக்குப் போவதைவிடப் பெரிய விஷயம் அது. திருட்டுக் கொடுத்தவர்கள் ஆனைமலை அம்மன் கோயிலுக்குப் போய் வரமிளகாயை அரைத்து அங்கே இருக்கும் கல்லில் பூசுவார்கள். மிளகாய் எரிகிற மாதிரி எடுத்தவன் உடம்பு எரியும் என்பது நம்பிக்கை. பூசிவிட்டால் பூசியதுதான், வாபஸ் வாங்குவது லேசில்லை.

“பேஷாப் போலாம்” என்றாள் அம்மா. “எடுத்தவன் கை அழுகித்தான் போகோணும்.”

மறுநாள் காலை துணி மூட்டை ஏற்றும் வேனில் அப்பாவும் அண்ணனும் அண்ணியும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவைக் காணோம். கூப்பிடப் போனேன். சமையல்கட்டில் மிளகாய் டின்னுக்குள் கையை விட்டு நல்ல மிளகாயாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அப்பா கவிழ்க்காமல் விட்ட ஒரே டின் அதுதான்; மிளகாய் நெடி பட்டால் அவருக்குத் தும்மல் நிற்காது. அம்மாவின் கை அடியில் போய் நின்றது. முகம் செத்துப்போனது. கையை மெதுவாக வெளியே எடுத்தாள். இரண்டு வளையல்கள்.

என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சுருக்குப்பையைத் திறந்து வளையலைத் திணித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். போகிறபோக்கில் என் விலாவில் ஒரு கிள்ளு. சதையே கையோடு போயிற்று என்று நினைத்தேன்.

“வாயத் தொறந்த, உன்னய அரைச்சுப் போடுவேன்.”

வேன் பொள்ளாச்சி ரோட்டில் போனது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“ஏம்மா, எடுத்தவங்களுக்கு மட்டுந்தான் எரியுமுங்களா? எடுத்து வெச்சவங்களுக்கும் எரியுமுங்களா?”

“சித்த பொத்திக்கிட்டு வா சாமி” என்றாள் அம்மா. வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள். அம்மா குடிக்கவில்லை.

கோயிலில் நல்ல கூட்டம். மிளகாய் நெடியில் அப்பா தும்மத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. எங்கள் முறை வந்தது. அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அரைக்க உட்கார்ந்தாள். கல்லைக் குழவியால் நசுக்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் எதிரே யாரோ கிடந்து நசுங்குகிற மாதிரி இருந்தது. விரலெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் வழிய அரைத்தாள்.

“அத்தை, நீங்களும் ஒரு இழுப்பு இழுங்க.”

“எனக்குக் கை வலிக்குது கண்ணு.”

“சும்மா இழுங்கம்மா” என்றேன் நான். “எடுத்தவங் கைதான வேகப்போவுது, உங்களுக்கென்னங்க?”

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஆனைமலையே எரிந்திருக்கும்.

அண்ணி அரைத்ததை இரண்டு கையிலும் வழித்து எடுத்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் போய் நின்றாள்.

“தாயே, என்ற வளையல எடுத்து ஒளிச்சு வெச்ச கை...”

“வேண்டாங் கண்ணு! பூசாத!”

அம்மா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அந்த இழுப்பில் சுருக்குப்பை அவிழ்ந்து வளையல்கள் தரையில் உருண்டன. ஒன்றில் மிளகாய் விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி வளையலைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

“எங்க இருந்துச்சுங்க?”

“மொளகா டின்னுல கண்ணு. நாந்தான் வெச்சேன். வெச்சதே மறந்து போச்சு.”

“பீரோவுல இருந்தத எதுக்கு அங்க வெச்சீங்க?”

அம்மா சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டினாள். “பீரோவுக்குப் பூட்டு இல்லீல்ல. ஊட்டுலயும் ஆளு தங்குதேன்னு...”

“ஆளா?” என்றாள் அண்ணி. “என்ற தம்பிங்களா அத்தை ஆளு?”

அந்த நேரத்தில் என் அண்ணன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தப்பித்திருப்பான். கீழே குனிந்து வளையலை எடுத்து ஊதிவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னான்:

“அதான் கெடச்சிருச்சில்ல. உடு, போலாம்.”

அண்ணி திரும்பினாள். இரண்டு கை மிளகாயும் அவன் முகத்தில் அறைந்தது. அறைந்ததோடு விடவில்லை, மாவு பிசைகிற மாதிரி நெற்றியிலிருந்து தாடைவரை அழுத்தித் தேய்த்தாள். அண்ணன் போட்ட சத்தத்தை நான் அதற்கு முன் மாட்டுக்கு லாடம் அடிக்கும்போதுதான் கேட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஓடினான், தூணில் முட்டினான், திரும்பினான், வரிசையில் நின்றவர்கள்மேல் போய் விழுந்தான். அப்பா தும்மிக்கொண்டே அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போனார்.

எங்களுக்கு அடுத்து நின்ற ஓர் அம்மா, கையில் மிளகாய்ப் பொட்டலத்தோடு அண்ணியிடம் கேட்டார்:

“ஏனுங் கண்ணு, ஆச்சுங்களா? கல்லு காலிங்களா?”

“ஆச்சுங்க. நீங்க வாங்க” என்றாள் அண்ணி.

வேன் சூலூருக்குத் திரும்பவில்லை. அண்ணி உடுமலைப் பக்கம் தன் அப்பா வீட்டுக்குப் போகச் சொன்னாள். யாருக்கும் மறுத்துப் பேசத் தெம்பில்லை. கல்யாண வீடு. வாசலில் பந்தல் போட்டு சொந்தபந்தம், ஒறம்பரையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்ள ஏணியில் ஏறி சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தான். உதடு ஒரு பக்கம் வீங்கி, பேசினால் ஆளே வேறு மாதிரி இருந்தான். வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறான்.

அண்ணி அம்மாவைப் பார்த்தாள். அவ்வளவுதான். அம்மா பந்தல் நடுவில் போய் நின்று, தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டையில் சொன்னாள்:

“எல்லாருங் கேட்டுக்குங்க. வளையல எங்கயோ வெச்சுப்போட்டு மறந்தது நானு. இந்தப் பையன் மேல பழியப் போட்டதும் நானு. அவன் வண்டில இருந்து உளுகுல. என்ற மகந்தான் அடிச்சுப்போட்டான்.”

மாப்ள ஏணியிலிருந்து இறங்கி வந்தான்.

“உடுங்க அத்தை. அதுக்கென்னங்க இப்ப.”

“எதுக்கு உடோணும்?” என்றாள் அண்ணி. “உன்னய நாலு பேரு முன்னாடி வெச்சு அடிச்சாங்க. இங்கயும் நாலு பேரு இருக்காங்க. திருப்பிக் குடு.”

அண்ணன் தானாகவே முன்னால் வந்து நின்றான். முகம் தக்காளி மாதிரி வீங்கி, கண் இரண்டும் கோடாக இருந்தது. மாப்ள கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

“மச்சான், பல்லக் கடிச்சுக்குங்க.”

“செரி மாப்ள.”

லேத்துக் கை. சத்தம் பந்தல் தகரத்தில் பட்டுத் திரும்பியது. அண்ணன் அரைச்சுற்றுச் சுற்றி, அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள்மேல் போய் விழ, அடுக்கு மொத்தமும் அவன்மேல் சரிந்தது. மாப்ளயே ஓடிப்போய் நாற்காலிகளை விலக்கித் தூக்கி உட்கார வைத்தான்.

“எச்சாப் போயிருச்சுங்களா மச்சான்?”

“இல்ல மாப்ள. கணக்காத்தான் இருந்துச்சு” என்றான் அண்ணன், தாடையைப் பிடித்துக்கொண்டு.

அண்ணி அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். மிளகாய் எரிச்சலில் விரலெல்லாம் தடித்துப் போயிருந்தன. வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. அம்மா தேங்காயெண்ணெய் வாங்கி வரச் சொல்லி, அந்தக் கையில் பூசிப் பூசி, வளையலை அழுத்தினாள். தோல் சுருண்டு வெளுத்தது. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். வளையல் இரண்டும் ஏறி முடிந்ததும் எழுந்து, முந்தானையில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் போனாள்.

“எந்திரிங்க. சோறு திங்கலாம். எனக்கும் நேத்துலருந்து பசிக்குது.”