ஜித்ராவிலிருந்து ஒரு பார்வையாளர்

இணையப் பக்கம் அமைக்கும் ஆன்லைன் வகுப்பில் என்னோடு படித்த அக்கா அவர். ஒல்லியான உடல், கூலிம் நகரத் தொழிற்சாலைச் சீருடை, பேசும்போதே கைப்பேசியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம். கூட்டுப் பயிற்சிக்காக பாக்கார் ஆராங் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். அதற்காக அவர் செய்த முறுக்கு விற்பனைப் பக்கத்தில் தொலைபேசி எண்ணே இல்லை. அவர் சிரிக்கும் படம்தான் பெரிதாக இருந்தது.

"லிங்க்க ஒருத்தருக்குத்தான் அனுப்பிருக்கேன். அந்த ஆளு பாத்தா நமக்குத் தெரியுமா தம்பி?"

"ஊரு மட்டும் காட்டும்க்கா."

"ஜித்ரான்னு காட்டுமா?"

யாருக்கோ வலை விரிக்கிறார் என்று தோன்றியது. பக்கத்தில் என் பெயரும் இருந்ததால் பயந்தேன்.

மறுவாரம் பார்வையாளர் விவரத்தில் ஜித்ரா வந்திருந்தது.

"பாத்தாச்சு, போதும் லா," என்று பக்கத்தையே அழித்துவிட்டார்.

"யாருக்கா அது?"

"முறுக்கு வாங்குற ஆளு இல்ல தம்பி."

எங்கள் பயிற்சியும் அதோடு போனது. எனக்கு ஏனோ கோபம் வரவில்லை. அந்தச் சிரிப்பை ஜித்ராவில் பார்த்தது யார் என்ற சந்தேகம்தான் இன்னும் தீரவில்லை.