மேற்கு பார்த்த ஜன்னல்

மில்பர்ன் ஊருக்குத் தொலைக்காட்சி நிலையம் வந்ததே டிவி பெட்டி விற்பதற்காகத்தான். மரச்சாமான் கடை ஓர்வல் ஸ்டென்ஸ்ருட் ஆசைப்பட்டுப் பெட்டிகளை வாங்கி அடுக்கிவிட்டார். கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில் அந்தக் கோடிக்கு எந்த ஒளிபரப்பும் எட்டவில்லை. திரையில் வெறும் புள்ளிகளைப் பார்க்க யார் பெட்டி வாங்குவார்கள்? கடையின் பின்கட்டில் ஒரு கேமராவை நிறுத்தி அவரே நிலையத்தைத் தொடங்கினார். செய்தி வாசிப்பவர் உட்கார்ந்த சோபாவில் விலைச்சீட்டு தொங்கியது. அது விற்றுப்போன அன்றைக்கு அவர் நின்றுகொண்டு வாசித்தார்.

வில்ஃப் மசூர் அங்கே சேர்ந்தது விளம்பரம் பிடிக்க. வானிலை சொல்பவர் ஒருநாள் நல்ல போதையில் வந்து சேர, ஓர்வல் வானிலைப் பலகையில் எழுதும் சாக்கட்டியைப் பிடுங்கி வில்ஃபின் கையில் திணித்தார்.

"எனக்கு வானிலையப் பத்தி ஒண்ணும் தெரியாதே!"

"அவனுக்கு மட்டும் தெரிஞ்சுதா? சிரிச்ச முகமா நில்லு, போதும்."

வில்ஃப் சிரித்த முகமாகத்தான் நின்றார். ஆனாலும் கேட்கிறவர்களை ஏமாற்றுகிறோமே என்று மனசு உறுத்தியது. அந்தச் சமவெளியில் மழையோ பனியோ எல்லாம் மேற்கிலிருந்துதான் வரும். அங்கே ஐந்து மணிக்குக் கொட்டுவது இங்கே ஏழு மணிக்குக் கொட்டும். மேற்கே யாரையாவது கேட்டால் என்ன என்று டெலிபோன் இணைப்புப் போடும் முரியலிடம் சொன்னார். அவள் தூரத்துப் பண்ணை ஒன்றில் ஹல்டா ரெம்பல் என்ற அம்மாளைப் பிடித்துக் கொடுத்தாள். அந்த வீட்டுச் சமையலறை ஜன்னல் மேற்கு பார்த்தது. அதற்கப்பால் மறைப்பதற்கு ஒரு மரம்கூடக் கிடையாது.

அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்கு முரியல் லைன் போட்டுக் கொடுப்பாள்.

"மசூர் பேசறேன். என்ன தெரியுது?"

"என்ன தெரியும், எங்க கோதுமைதான் தெரியுது. இரு, பாக்கறேன். மேகம் கீழ எறங்கி நிக்குது. நாய் வேற உள்ள வந்து அடுப்புக்கிட்ட சுருண்டுக்கிச்சு. நீ பனின்னே சொல்லிடு."

"நாய நம்பிச் சொல்லலாமா, மிசஸ் ரெம்பல்?"

"உன்ன நம்பி ஊரே குடை எடுக்குதே, நாய நம்பினா என்ன குறைஞ்சுபோச்சு?"

ஒரே ஒருமுறை வில்ஃப் அவரைக் கேட்கவில்லை. பெருநகரத்து வானிலை அலுவலகத்திலிருந்து அச்சடித்த படம் வர ஆரம்பித்திருந்த புதிது. அதுவே போதும் என்று ஒரு மிதப்பு. பனித்தளத்தில் கல்லைச் சறுக்கி விட்டு ஆடும் கர்லிங் ஆட்டத்தின் இறுதிப் போட்டி நாள். "வானம் பளிச்சென்று இருக்கும்" என்று டிவியில் சொல்லிவிட்டுத் தானும் போட்டி பார்க்கப் போனார். வெளியே பனிப்புயல் வந்து கதவை அடைத்தது. வந்திருந்த அத்தனை பேரும் அந்தப் பனித்தள அரங்கிலேயே கோட்டைப் போர்த்துக்கொண்டு படுத்தார்கள். பிறகு பல வருஷம், அவர் எந்தக் காப்பிக்கடைக்குள் நுழைந்தாலும், "வில்ஃப் வந்தாச்சு, கம்பளிய எடு" என்று எவனாவது குரல் கொடுப்பான். அதையெல்லாம் சிரித்துத் தாங்கிக்கொண்டார். மறுநாள் ஹல்டா அம்மாள் சொன்னதுதான் தைத்தது.

"நேத்து ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், மசூர்."

அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் தவறவில்லை. மனைவி டாரத்தி போய்ச் சேர்ந்த வாரத்தில்கூட ஐந்து மணிக்குக் கூப்பிட்டார். அந்த அம்மாள் துக்கம் விசாரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வானத்தை வழக்கத்தைவிட நீளமாக, நிதானமாக, ஒவ்வொரு மேகமாகச் சொன்னார். வில்ஃப் ரிசீவரைக் காதில் வைத்தபடி சத்தமில்லாமல் அழுதார்.

இத்தனைக்கும் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. பார்த்தால் பேச்சு கெட்டுப்போகுமோ என்று இருவருக்குமே ஒரு பயம் என்று நினைக்கிறேன்.

ஓர்வல் இறந்தார். அவருடைய பிள்ளைகள் நிலையத்தைப் பெருநகரத்துக் கம்பெனி ஒன்றுக்கு விற்றார்கள். முதலில் மதிய நிகழ்ச்சி போனது, அப்புறம் ஹாக்கி போனது. கடைசியில் ஓர் அக்டோபரில், வெள்ளிக்கிழமையோடு செய்தியும் வானிலையும் நகரத்துக்கே போகிறது என்று சொல்லிவிட்டார்கள். வேலை போவதைப் பற்றி வில்ஃப் அலட்டிக்கொள்ளவில்லை, வயது ஆகிவிட்டது. ஆனால் ஹல்டா அம்மாளிடம் எப்படிச் சொல்வது? இனி ஐந்து மணிக்குக் கூப்பிட மாட்டேன் என்பதை எந்த வாயால் சொல்வது? திங்கள் சொல்லப் பார்த்தார், செவ்வாய் பார்த்தார். தொண்டை வரை வந்தது திரும்பிப் போய்விட்டது.

ஃபோனில் சொல்லக்கூடிய விஷயமில்லை இது என்று புதன்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு மேற்கே கிளம்பினார். பண்ணையில் நடுத்தர வயது ஆள் ஒருவர் வேலி கட்டிக்கொண்டிருந்தார். ஹல்டாவின் மகன் டார்சி.

"அம்மாவா? அவங்க இங்க இல்லயே. இடுப்பெலும்பு ஒடைஞ்சு ரெண்டு வருஷமா உங்க மில்பர்ன்லதான் இருக்காங்க, வயசானவங்க விடுதியில."

"தினமும் என்கிட்ட பேசறாங்களே! ஜன்னல்ல தெரியறத..."

டார்சி சுத்தியலைக் கீழே போட்டார். "ஓ, அந்த ஆளு நீங்கதானா! நாலே முக்காலுக்கு எங்க இருந்தாலும் நான் ஃபோனுக்கு ஓடணும். மேகம் எந்தப் பக்கம், காத்து எப்படி, நாய் எங்க படுத்திருக்குன்னு உயிர எடுப்பாங்க. நாய் செத்து ஒரு வருஷமாச்சுன்னாலும் விடறதில்ல."

விடுதி, நிலையத்துக்கு அடுத்த தெருவில்தான் இருந்தது. வில்ஃப் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றார். சக்கர நாற்காலியில் இருந்த சின்ன உருவம் திரும்பிப் பார்த்தது. அறை ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடமும் ஒரு செங்கல் சுவரும்.

"டிவியில குண்டா தெரிவியே," என்றார் ஹல்டா அம்மாள்.

"ஏன் சொல்லல, மிசஸ் ரெம்பல்?"

"சொன்னா கூப்பிட்டிருப்பியா? செங்கச் சுவத்தப் பாக்கறவள எவன் வானிலை கேப்பான்? முரியல்கிட்டதான் கெஞ்சி உன் லைன இந்த நம்பருக்கு மாத்திக்கிட்டேன். அவளத் திட்டாத."

"நான் ஒரு விஷயம் சொல்லணும்..."

"வெள்ளிக்கிழமையோட முடியுது. தெரியும். இங்க சாப்பாட்டு மேசையில வேற பேச்சே இல்ல. நீ எப்ப சொல்லப்போறேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வழக்கம்போல் கூப்பிட்டார். அந்த அம்மாள் வழக்கம்போல் மேற்கு வானத்தைச் சொன்னார்.

திங்கள் மாலை வில்ஃப் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். கைகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஐந்து மணிக்கு டெலிபோன் அடித்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் அழைப்பு.

"மசூர், டார்சி பக்கம் கருத்துக்கிட்டு வருதாம். ராத்திரி பனிதான்."

"டிவியிலதான் நான் இல்லயே, மிசஸ் ரெம்பல். யாருக்குச் சொல்ல?"

"யாருக்கும் சொல்ல வேணாம். உன் ஜன்னல்ல என்ன தெரியுது, அதச் சொல்லு."

அவரை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. எழுந்துபோய், டாரத்தி போனதிலிருந்து மூடியே கிடந்த திரையை விலக்கினார்.

"தெருதான்," என்றார். "எதிர் வீட்டுல வெளக்கு போட்டுட்டாங்க."

"மெதுவாச் சொல்லு," என்றார் அந்த அம்மாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."